ரயில் மேசை நடுவே ஒரு சதுரம்

மகனே,

ரயில் மேசை நடுவில் நான் நிற்கும் சதுர ஓட்டையின் விளிம்பில் ரெக்சின் அடித்திருக்கிறாய். இன்று காலை நீயும் அம்மாவும் ஆதம்பாக்கத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போன பிறகு, தண்டவாளம் துடைக்கலாம் என்று மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் நடுவில் எழுந்து நின்றேன். வழக்கமாக இடுப்பெலும்பில் இடிக்கும் பலகை இன்று மெத்தென்று பட்டது. குனிந்து பார்த்தேன். மெரூன் நிற ரெக்சின், உள்ளே பஞ்சு, வரிசை தப்பாமல் சின்னச் சின்ன ஆணிகள். அது மட்டுமில்லை. நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குப் பலகையை அறுத்துச் சதுரத்தையே பெரிதாக்கியிருந்தாய். நவராத்திரி முடிந்து நாலு துண்டாக வீடு வந்த மேசை இத்தனை நாள் துணி போர்த்திச் சுவரோரம் சாய்ந்து நின்றதே, அப்போது, நான் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போன நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்க வேண்டும். நேற்று எதிர்வீட்டு அண்ணன் வந்து போல்ட் போட்டு நாலையும் சேர்த்தபோது நான் சமையற்கட்டில் ஒளிந்திருந்தேன். அதனால் இன்றுதான் பார்க்கிறேன். நான் பருத்திருப்பதை நீ கவனித்திருக்கிறாய். இனி வரும் வருஷங்களுக்கும் இது போதும் என்று அளந்திருக்கிறாய். ரெக்சினைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

உன்னை மகனே என்று எழுதுவது படிக்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். இதை உறையில் போடப் போவதில்லை. அம்மாவும் படிக்கட்டும், எதிர்வீட்டு அண்ணனும் படிக்கட்டும். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினெட்டு வயது. நான் உன் மகள். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் இறந்துபோன உன் அம்மாவின் பெயரை எனக்கு வைத்தாய். வைத்த பிறகு, பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை என்று அன்றிலிருந்து ‘அம்மா’ என்றே கூப்பிடுகிறாய். மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னைப் ‘பாப்பா’ என்கிறாள். ஆக, நம் வீட்டில் என் பெயரை யாரும் சொன்னதே இல்லை. சின்ன வயதில் அது நமக்கு ஒரு விளையாட்டு. நீ வேலை முடிந்து வந்ததும் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இன்னாடா மகனே, இவ்ளோ லேட்டு?” என்பேன். “மன்னிச்சுக்கோம்மா, பஸ்ஸு கிடைக்கல” என்று காதைப் பிடித்துக்கொண்டு நீ தோப்புக்கரணம் போடுவாய். அப்போது உன் கால் நன்றாக இருந்தது. அந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்த உரிமையை இன்று ஒரே ஒரு முறை எடுத்துக்கொள்கிறேன். அம்மாவாக நின்று சொன்னால்தான் எனக்கு வாய் வரும் போலிருக்கிறது. மகளாக இருந்தால் வழக்கம்போலத் தலையாட்டிவிடுவேன்.

பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். காதில் விழும். அது நான்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் டீச்சர் இரண்டாம் முறை கூப்பிட்டிருப்பார். மூன்றாம் முறை வகுப்பே சேர்ந்து கூப்பிடும். எழுந்து நின்றால் குரல் வராது. “வாய்ல கொழுக்கட்டையா?” என்று பின்பெஞ்சில் ஒருத்தி தினமும் கேட்பாள். தினமும் எல்லோரும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள். இதை நான் உன்னிடமோ அம்மாவிடமோ சொன்னதில்லை. அம்மா காலையில் தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போய்ப் புடவை மடித்துவிட்டு, கால் வீங்கி வருவாள். நீயோ நான் ஒன்பதாவது படித்த அந்த வருஷம்தான் கல்யாண மண்டபத்தில் மின்விசிறி மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பில் கம்பி வைத்து, மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையை வீட்டிலேயே செய்ய ஆரம்பித்திருந்தாய். வேலை இல்லாத நேரத்துக்கு என்று ஒரு ரயிலைத் தொடங்கினாய். தெர்மகோல், சன்போர்டு அட்டை, பழைய சிடி பிளேயர் மோட்டார். நம் மாம்பலம் ஸ்டேஷனையே எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, எட்டடிக்கு ஆறடி பலகை மேல் வைத்தாய். உன்னால் குனிய முடியாது, தவழ முடியாது. நடுவில் வேலை செய்ய ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று மேசையின் மத்தியில் ஒன்றரை அடிச் சதுரம் விட்டாய். அந்த ஆள் நான்.

மகனே, அந்த நாட்களை நான் குறை சொல்ல மாட்டேன். காய வைத்த டீத்தூள் மண்ணானது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து வேலி செய்தோம். எரிந்துபோன மோட்டாரில் உருவிய செம்புக் கம்பியை முறுக்கி நான் மரம் செய்ததைப் பார்த்து நீ, “அம்மா, இன்னா கை உனக்கு! வேப்பமரம் அப்படியே கீது” என்றாய். ஸ்டேஷன் படிக்கட்டின் கைப்பிடிக்கு மட்டும் எனக்குப் பதினோரு நாள் ஆனது. மேம்பாலத்தின் மேல் பூ விற்கிறவளுக்கு அரிசி அளவு கூடை வைத்தேன். மேசை நடுவில் நின்றால் சுற்றிலும் ஊர். எல்லோரும் என் முழங்கை உயரத்துக்குக் கீழே. ஒருவரும் என் பெயரைக் கேட்க மாட்டார்கள்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். நம் ரயில் எப்போதும் ஒரே இடத்தில்தான் தடம் புரளும். ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற அந்தப் பாயிண்டில். நாலு வருஷமாக நீ மோட்டாரைச் சந்தேகப்பட்டாய், சக்கரத்தைச் சந்தேகப்பட்டாய், ஒரு முறை பல்லியைக்கூடச் சந்தேகப்பட்டாய். தவறு அங்கெல்லாம் இல்லை. நீ சாக்பீஸால் பலகை மேல் கோடு போட்டபோது பாயிண்டை ஜன்னல் பக்கம், உன் ஸ்டூலிலிருந்து வலது கை எட்டும் இடத்தில்தான் போட்டிருந்தாய். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்க நீ ஆஸ்பத்திரி போன நாளில் தண்டவாளத்தை ஒட்டியவள் நான். அந்தக் கோட்டை ஈரத்துணியால் அழித்துவிட்டு, பாயிண்டை ஒன்றரை முழம் உள்ளே தள்ளி, இரண்டு பலகை சேரும் இடத்துக்கு நெருக்கமாக ஒட்டினேன். பலகை ஏறி இறங்கும், வண்டி அங்கே விழும் என்று எனக்குத் தெரியும். சதுரத்தில் நிற்கிறவளைத் தவிர வேறு யார் கையும் எட்டாது என்றும் தெரியும். நீ வந்து கேட்டதற்கு, “உன் கோட்டுல வளைவு ஜாஸ்தி நைனா, பெட்டி திரும்பாது” என்றேன். “நீ சொன்னா சரிம்மா” என்று நீ விட்டுவிட்டாய்.

அடுத்த வாரமே பலன் கிடைத்தது. “அம்மா, இன்னிக்கு மட்டும் லீவு போட்டுக்கிறியா? வண்டி உயுந்துக்கினே கீது” என்றாய். அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாம ரயிலு வுட்டுக்கினு கீறியா? நல்லா வருவ நீ” என்று கத்திவிட்டுப் போனாள். நீ குற்றவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே சதுரத்துக்குள் நின்று, விழுந்த வண்டியை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். வாரத்துக்கு ஒரு நாள் லீவு இரண்டானது, மூன்றானது. பத்தாம் வகுப்பு பாதியில் நான் போவதையே நிறுத்தியபோது, அம்மா ஒரு மாதம் உன்னிடம் பேசவில்லை. இன்றைக்கும் அவள், உன் ரயில்தான் என் படிப்பைத் தின்றது என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறாள். நீயும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறாய். அம்மா, நீயும் இதைப் படி. அவர் தின்னவில்லை. நான்தான் ஊட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கால் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை நீ சட்டை மாட்டும்போதும், “வேணாம் நைனா, ஆட்டோல குலுங்குனா வலிக்கும்” என்றேன். உன் வலியை நினைத்துச் சொன்னதாக நீ கண் கலங்கினாய். நீ போய்விட்டால் யாராவது காயில் வாங்க வருவார்கள், கதவைத் திறந்து நான் பேச வேண்டியிருக்கும். அதற்காகச் சொன்னேன். உன் கால் இத்தனை விறைத்துப் போனதில் என் பங்கு இருக்கிறது. பெற்றவர்கள் பிள்ளை கெட்டுவிடும் என்று பொத்திப் பொத்தி வளர்ப்பார்களே, அதையே நான் உனக்குச் செய்தேன்.

நவராத்திரிக்கு நாம் போகும் மயிலாப்பூர் வீடு. வருஷா வருஷம் மேசையைப் பிரித்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, நீ முன்பு ஒயரிங் வேலை செய்த அந்த மாமி வீட்டுக் கொலுவுக்கு முன்னால் பார்க் மாதிரி பரப்புவோம். போன நவராத்திரி சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். கூட்டம் அதிகம், ஒருவர் மாற்றி ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் சதுரத்துக்குள். மேசையைச் சுற்றி ஜமக்காளத்தில் பெண்கள், மேசைக்கு அடியிலும் பிள்ளைகள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமி, “ஏண்டிம்மா, உள்ளயே நின்னுண்டிருக்கியே, கால் கடுக்கலையா? இந்தா, சுண்டல்” என்று தண்டவாளத்துக்கு மேலாகத் தொன்னையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அப்போது ஒரு பொடிப்பெண் சத்தமாகக் கேட்டாள்: “பாட்டு முடியற வரைக்கும் அந்த அக்கா பாத்ரூம் போணும்னா என்ன பண்ணுவா?” அறை முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாய். மகனே, எனக்கு அப்போது உண்மையிலேயே போக வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு பேர் எழுந்து வழி விட்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. தொடையை இறுக்கிக்கொண்டு, கையில் சுண்டலோடு, சிவப்பு விளக்கைப் பச்சையாக மாற்றிக்கொண்டே நின்றேன். நானே ஒட்டி வைத்த ஊர் நாலு பக்கமும் என்னை வளைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் ஒரு மேடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றி, ஸ்டேஷன் படிக்கட்டுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கைப்பிடி யார் பண்ணினது?” என்று உன்னைக் கேட்டார். நீ பெருமையாக, “எங்கம்மாங்க” என்றாய். “உங்க அம்மாவா? இந்த வயசுல அவங்களுக்குக் கண்ணு இவ்ளோ தெளிவா இருக்கா? எங்க இருக்காங்க, நான் பாக்கணுமே” என்று அவர் நாற்காலியில் இருந்த வயதானவர்கள் பக்கம் திரும்பினார். நீ கைத்தடியை நீட்டி, “அதோ, நடுவுல நிக்கிறாங்க பாருங்க” என்றாய். மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. “அடையாறுல எங்க ஆபீஸ். பெரிய கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி அதுக்கு மாடல் செஞ்சு காட்டுவோம். இந்த மாதிரி கை எனக்குக் கிடைக்கவே மாட்டேங்குது. வரியாம்மா?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, “அவ வரமாட்டாங்க மேடம். வெளியில வாயே தொறக்க மாட்டா. அதுவும் இல்லாம, அவ இல்லாங்காட்டி எனுக்கு ரயிலே ஓடாதுங்க” என்றாய். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். உன் மேல் தவறில்லை. நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதை உண்மையாக்கியவள் நான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? நீ மாமியிடம் பேசத் திரும்பியபோது, தன் கார்டை இரண்டாக மடித்து, ஸ்டேஷனில் நின்ற கூட்ஸ் வண்டியின் திறந்த பெட்டியில் வைத்தார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வண்டி கிளம்பி, பாலத்தின் அடியில் போய், வேப்பமரங்களைச் சுற்றிக்கொண்டு என் கைக்கு வந்தது. அந்தப் பாயிண்டில் அன்றைக்கு மட்டும் விழவில்லை. எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

மூன்று மாதம் அதை அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். மேசை சுவரோரம் சாய்ந்திருந்ததால் கூடம் காலியாக இருந்தது. சமையற்கட்டிலிருந்து ஜன்னல் வரைக்கும் நேராக, நிமிர்ந்து நடக்க முடிந்தது. நம் ஜன்னலிலிருந்து நிஜ ரயிலின் சத்தம் மட்டும் கேட்கும், ரயில் தெரியாது. மாம்பலம் ஸ்டேஷனின் ஒவ்வொரு படியையும் செய்தவள், அதில் ஏறி நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் நீ தூங்கும்போது அம்மாவின் பழைய போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கார்டிலிருந்த நம்பருக்கு அடித்தேன். “பேர் என்ன?” என்று கேட்டார்கள். மகனே, உன் அம்மாவின் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். முதல் தடவையிலேயே குரல் வந்தது. மயிலாப்பூர் கொலு, ரயில் என்றும் சொன்னேன். “அந்தச் சதுரத்துப் பொண்ணா? இடம் இருக்கு. திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துடு” என்றார் மேடம். திங்கட்கிழமை என்றால் நாளைக்கு.

நேற்று மேசை மறுபடி சேர்ந்ததும் கூடத்தில் நடக்க இடம் போனது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வண்டி விழும். “அம்மா” என்று ஒரு முறை கூப்பிடுவாய். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போவேன். இடுப்பில் பஞ்சு மெத்தென்று படும். அதன்பிறகு என்னால் ஒருக்காலும் கிளம்ப முடியாது. நீ வலுக்கட்டாயமாக நிறுத்தினால் எதிர்த்து நிற்கலாம். ரெக்சின் அடித்துத் தந்தால் என்ன செய்வது?

ஆகவே ஒரு அம்மா சொல்வதாகக் கேள். உன் கை எட்டாத இடத்தில் உனக்கு வேண்டியதை யாரையும் வைக்க விடாதே, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரயிலை நீ தனியாக ஓட்ட முடியும். தண்டவாளத்தைத் துடைக்கப் பழைய பனியன் துணியில் ஸ்பிரிட் நனைத்தால் போதும், மணல் தாள் போடாதே, கீறல் விழும். பச்சை ஒயர் ஸ்டேஷன் விளக்கு, சிவப்பு பாயிண்ட். இதுவரை ஒயர்களுக்குப் பெயர் எழுதாமல் வைத்திருந்தேன். இன்று எல்லாவற்றிலும் காகிதம் சுற்றி எழுதிவிட்டேன். கால் பயிற்சிக்குப் போ. ஆட்டோவில் குலுங்கினால் கொஞ்சம் வலிக்கும், வலித்தாலும் போ. மேடத்திடம் நீ சொன்னதற்காக வருத்தப்படாதே. நான் நாளைக்கு அங்கே போய் வாய் திறக்காமல் நிற்கலாம். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கலாம். திரும்பி வந்து அழலாம். அப்போது, “வுடும்மா, நாளிக்கி போவாதே” என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கோபம் வந்தால் திட்டு. கோட்டை அழித்ததற்கு நாலு அறைகூட விடு. ஆனால் லீவு போடச் சொல்லாதே.

இதுவரை சதுரத்துக்குள் நின்றுகொண்டு, ரயில் பாதை ஓரம் தாளை வைத்து எழுதினேன். இடையில் எழுத்து கோணலாக இருக்கும் இடங்கள் வண்டியை விட்டுப் பார்த்த இடங்கள். பாயிண்டைக் கழற்றி, சாக்பீஸ் கோட்டின் தடம் லேசாகத் தெரிந்த பழைய இடத்திலேயே, ஜன்னல் பக்கம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன். ஆள்காட்டி விரல் சுட்டுக்கொண்டது, பெரிதாக இல்லை. முதல் இரண்டு சுற்றில் வண்டி விழுந்தது. மூன்றாவதிலிருந்து விழவில்லை. பன்னிரண்டு சுற்று எண்ணினேன். உன் வளைவு சரியாகத்தான் இருந்தது, நைனா.

அப்புறம் தவழ்ந்து வெளியே வந்தேன். பரண் மேலிருந்த பலகையில், நீ பெரிதாக்கிய அளவுக்கே ஒரு மூடி அறுத்தேன். அதன்மேல் பசை தடவி, டீத்தூள் மண்ணைத் தூவிக் காய வைத்தேன். மறுபடி உள்ளே போய் விளிம்பின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, ரெக்சினைக் கிழியாமல் உரித்து எடுத்து, உன் பழைய கைத்தடியின் பிடியில் சுற்றிக் கட்டினேன். மூடியை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய், மல்லாந்து படுத்து, இரண்டு காலாலும் அதைத் தூக்கிச் சதுரத்தில் பொருத்தினேன். கீழிருந்து இரண்டு தாழ்ப்பாள் போட்டேன். வெளியே வந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சுடிதாருக்கு இஸ்திரி போட்டேன்.